வண்டியில் யார் அமர்ந்து வருகிறார்? அஸ்கொட் குதிரைப் பந்தயமும் பிரித்தானியாவின் இரண்டு பட்டியல்களும்

2025 ஜூன் 18ஆம் திகதி. இங்கிலாந்தில் வின்சர் நகருக்கு அருகே உள்ள அஸ்கொட் குதிரைப் பந்தயத் திடலில் அன்று ‘ரோயல் அஸ்கொட்’ வாரத்தின் இரண்டாம் நாள். அரச ஊர்வலத்தில் எந்தக் குதிரை வண்டியில் யார் யார் வருவார்கள் என்ற பட்டியல் வழமைபோல வெளியிடப்பட்டது. இரண்டாவது வண்டியில் வேல்ஸ் இளவரசி கத்தரினின் பெயர் இருந்தது. சற்று நேரத்தில் அவர் வரவில்லை என்று அறிவிக்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் மெல்ல மெல்லப் பொது நிகழ்வுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு நாள் வராமல் விடுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாளின் பிரித்தானிய ஊடகங்களில் வராத அந்த ஒருவரே பெரிய செய்தி ஆனார். அதே வாரத்தில்தான் இஸ்ரேலும் ஈரானும் ஒன்றின் மீது ஒன்று ஏவுகணைகளை வீசிக்கொண்டிருந்தன. காஸாவில் மக்கள் உணவுக்கான வரிசைகளிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள்.

தொப்பிகளைப் பார்ப்பது ஒரு குற்றமல்ல. அழகான உடைகளைப் பார்க்க யாருக்குத்தான் விருப்பமில்லை? தமிழ் இணையத் தளங்களும் அந்தப் படங்களைப் போடுகின்றன. வாசகர்களும் பார்க்கிறார்கள். இக்கட்டுரை தொப்பிகளைப் பற்றியதல்ல. தொப்பிகளுக்குப் பின்னால் அதே படத்தில், அதே வண்டியில், நாம் அவ்வளவாகக் கவனிக்காத இன்னொருவர் அமர்ந்திருக்கிறார். அவரைப் பற்றியது.

அஸ்கொட் திடலை 1711இல் தொடக்கி வைத்தவர் ஆன் மகாராணி. வின்சர் கோட்டைக்கு அருகே குதிரைகள் பாய்ந்து ஓடுவதற்கு ஏற்ற வெளி இது என்று அவர் கண்டார் என்பது கதை. முதற் பந்தயம் அந்த ஆண்டின் ஓகஸ்ட் 11ஆம் திகதி நடந்தது. குதிரை வண்டி ஊர்வலம் 1825இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் தொடங்கியது. இன்று வரை ஜூன் மாதத்தில் செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாட்களும், பிற்பகல் இரண்டு மணிக்கு நான்கு திறந்த வண்டிகள் வின்சர்ப் பூங்காப் பக்கமிருந்து திடலுக்குள் வருகின்றன. முதல் வண்டியில் மன்னர். ஏனைய இருக்கைகளில் அரச குடும்பத்தினரும், அவர்களால் தெரிவுசெய்யப்பட்ட விருந்தினர்களும்.

திடலில் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அரச வளாகம் எனப்படும் பகுதிக்குள் பணம் கட்டி மட்டும் நுழைய முடியாது. குறைந்தது நான்கு ஆண்டுகள் அங்கே வந்த ஒருவர் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். அதற்குள் நுழைந்த பிறகு உடுப்புக்குச் சட்டம் உண்டு. ஆண்கள் கறுப்பு, சாம்பல், கருநீல நிறங்களில் நீண்ட வாற்கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிய வேண்டும். பெண்களின் உடை முழங்காலுக்குச் சற்று மேலே வரை அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். தோள்பட்டி ஓரங்குல அகலமாவது இருக்க வேண்டும். தலையில் அணிவது தொப்பி இல்லையென்றால், அதன் அடிப்பாகம் பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறையாத திண்மையான அணியாக இருக்க வேண்டும். இது 2012இல் இறுக்கப்பட்ட விதி. பெண்களுக்கு முழுக்காற்சட்டையோடு இணைந்த ஒற்றை உடை அனுமதிக்கப்பட்டது 2017இல். நாலு ஆண்டுப் பரிந்துரை, ஓரங்குலப் பட்டி, பத்துச் சென்ரிமீற்றர் அடிப்பாகம் என்று எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. விவாகரத்துப் பெற்றவர்களுக்கு 1955 வரை அந்த வளாகத்துக்குள் அனுமதியே இருக்கவில்லை. குடும்ப ஒழுக்கத்தில் அவ்வளவு கறார்!

உடை அங்கே ஓர் அரசியல் மொழி என்பதற்கு 1910ஆம் ஆண்டு நல்ல உதாரணம். அந்த மே மாதம் ஏழாம் எட்வேர்ட் மன்னர் இறந்தார். அவர் குதிரைப் பந்தயப் பிரியர் என்பதால் அஸ்கொட்டை நிறுத்தவில்லை. பதிலாக மேட்டுக்குடி முழுவதும் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்து வந்தது. ‘கறுப்பு அஸ்கொட்’ என்று அது பெயர் பெற்றது. ஒரு வார்த்தை பேசாமல் துக்கத்தையும் விசுவாசத்தையும் ஓர் ஆளும் வர்க்கம் தனது துணியால் அறிவித்தது. மறைந்த எலிசபெத் மகாராணி இந்த மொழியில் வல்லவர். அவர் வாழ்ந்த காலத்தில், அஸ்கொட்டுக்கு இன்று அவர் எந்த நிறத்தில் தொப்பி அணிந்து வருவார் என்பதன் மீதே பிரித்தானியப் புக்கிகள் பந்தயம் பிடித்தார்கள். நமது ஊர்ப் புக்கிகளுக்கும் அஸ்கொட் அந்நியமல்ல. கொழும்பிலும் மலையக நகரங்களிலும் இங்கிலாந்துக் குதிரைகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நுவரெலியாவில் இன்றைக்கும் ஏப்ரல் வசந்த காலத்தில் ஆளுநர் கிண்ணத்துக்காகக் குதிரைகள் ஓடுகின்றன. அங்கேயும் தொப்பி அணிந்த சீமாட்டிகள் உண்டு.

உடை ஒரு மொழி என்றால், வண்டியின் இருக்கை அதைவிட அழுத்தமான மொழி. மன்னரோடு ஒரே ஊர்வலத்தில் வருவது என்பது, பிரித்தானியாவின் உச்சம் உங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிலும் உலகத்தின் கமராக்கள் முன்னிலையிலும் காட்டுவது. அந்த ஊர்வலத்தில் விருந்தினராக வந்தவர்களில் ஒருவர் டுபாயின் ஆட்சியாளரான ஷேக் மொஹமட் பின் ராஷித் அல் மக்தூம். ஐக்கிய அரபு இராச்சியத்தின் பிரதமரும் அவரே. கோடொல்பின் என்ற உலகப் புகழ் பெற்ற குதிரை நிறுவனத்தின் உரிமையாளர். அதன் நீலச் சீருடையை அஸ்கொட்டில் தெரியாதவர் இல்லை. அவர் ராணிக்குக் குதிரைகளைப் பரிசளித்தவர். 2011 டேர்பி பந்தயத்தில் ராணியின் பெயரில் ஓடி மூன்றாவதாக வந்த கார்ல்ரன் ஹவுஸ் அவர் கொடுத்த குதிரைதான்.

அஸ்கொட்டிலிருந்து அதிக தூரமில்லாத சறே பகுதியில் லோங்குறொஸ் என்ற இடத்தில் அவருடைய குடும்பத்துக்கு ஒரு பெரிய தோட்ட மாளிகை உண்டு. 2000ஆம் ஆண்டின் கோடையில் அங்கிருந்து அவருடைய மகள் சம்சா தப்பிச் சென்றார். ஓகஸ்டில் கேம்பிரிட்ஜ் நகரத் தெருவில் வைத்து அவர் பிடிக்கப்பட்டார். நியூமார்க்கட்டில் உள்ள தந்தையின் வீட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பிறகு உலங்குவானூர்தியில் பிரான்சுக்கும், அங்கிருந்து விமானத்தில் டுபாய்க்கும். கேம்பிரிட்ஜ்சயர் பொலிஸார் விசாரணையைத் தொடங்கினார்கள். டுபாய்க்குச் சென்று விசாரிக்க அவர்கள் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. விசாரணை அப்படியே நின்றது. இன்னொரு மகள் லத்தீபா 2002இல் தப்ப முயன்று பிடிபட்டார். 2018இல் படகு மூலம் மீண்டும் தப்பினார். கோவாக் கரைக்கு அப்பால் கடலில் வைத்து இந்தியப் படையினர் அந்தப் படகில் ஏறினார்கள். அவர் மீண்டும் டுபாய்க்குக் கொண்டு செல்லப்பட்டார்.

இவை வதந்திகள் அல்ல. ஷேக்கின் மனைவிகளில் ஒருவரான ஹயா, 2019இல் இரண்டு பிள்ளைகளோடு லண்டனுக்குத் தப்பி வந்தார். ஹயா ஜோர்தான் மன்னர் ஹுசைனின் மகள். ஒலிம்பிக்கில் குதிரை ஏறியவர். அவரும் அஸ்கொட்டின் வண்டியில் வந்தவர்தான். பிள்ளைகள் தொடர்பான வழக்கில் இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றத் தலைவர் சேர் அன்ட்ரூ மக்ஃபார்லேன், மகள்மார் இருவரையும் கடத்துவதற்கு உத்தரவிட்டது ஷேக் என்று கண்டறிந்தார். அந்தத் தீர்ப்பு 2020 மார்ச்சில் வெளியானது. இது குற்றவியல் தீர்ப்பு அல்ல. எது நடந்திருக்கக் கூடிய சாத்தியம் அதிகம் என்ற அளவுகோலில் ஒரு குடும்ப நீதிமன்றம் எடுத்த முடிவு. ஓர் அரசாங்கத்தின் தலைவர் என்பதால் தன்னால் அந்த வழக்கில் பங்கெடுக்க முடியவில்லை, எனவே அது கதையின் ஒரு பக்கம் மட்டுமே என்று ஷேக் சொன்னார். 2021 ஒக்ரோபரில் அதே நீதிமன்றம், ஹயாவினதும் அவருடைய சட்டத்தரணிகளினதும் தொலைபேசிகள் பெகாசஸ் உளவுமென்பொருளால் ஊடுருவப்பட்டதாகவும், அது ஷேக்கின் வெளிப்படையான அல்லது மறைமுகமான அதிகாரத்தோடு நடந்ததாகவும் கண்டறிந்தது. அந்தச் சட்டத்தரணிகளில் ஒருவர் பிரித்தானியப் பிரபுக்கள் சபை உறுப்பினர். அதையும் ஷேக் மறுத்தார்.

லத்தீபாவைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021க்குப் பிறகு அவர் வெளிநாடுகளில் நடமாடும் படங்கள் வெளிவந்தன. 2022இல் பாரிஸில் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் மிச்சேல் பச்லெட் அவரைச் சந்தித்தார். தான் நலமாக இருப்பதாகவும் தனது தனிமை மதிக்கப்பட வேண்டும் என்றும் லத்தீபா அவரிடம் கூறியதாகச் சொல்லப்பட்டது. அப்படியானால் நல்லது. சம்சாவைப் பற்றி அப்படி எந்தச் சந்திப்பும் வெளியே வரவில்லை.

இனி அஸ்கொட்டுக்கு வருவோம். ஹயா லண்டனுக்குத் தப்பி வந்த அதே 2019இன் ஜூனில், கோடொல்பினின் புளூ பொயின்ற் என்ற குதிரை ஐந்து நாட்களில் இரண்டு பெரிய பந்தயங்களை வென்றது. தீர்ப்புகள் வந்த பிறகு, ராணி இனிமேல் ஷேக்கோடு சேர்ந்து படத்தில் தோன்றமாட்டார் என்று பிரித்தானியப் பத்திரிகைகள் எழுதின. அது ஒரு தண்டனை என்றால் அது மிகவும் மெல்லிய தண்டனை. 2022இல், ராணியின் எழுபதாண்டு ஆட்சியைக் கொண்டாடும் விதமாக ஒரு பந்தயத்துக்குப் பிளாற்றினம் ஜூபிலி என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பந்தயத்தில் முதலாவதாக வந்த குதிரையும் கோடொல்பினுடையது, இரண்டாவதாக வந்த குதிரையும் கோடொல்பினுடையது. வண்டியில் ஆள் இல்லை. ஆனால் ஓடுபாதையில் நீலச் சீருடை முன்னே போனது.

ஏன் இப்படி? காசுதான் முதற்காரணம். பிரித்தானியக் குதிரைப் பந்தயத் தொழில் அரை நூற்றாண்டாக வளைகுடா அரச குடும்பங்களின் பணத்தில் தங்கியிருக்கிறது. நியூமார்க்கட் நகரத்தில் லாயங்களும், பண்ணைகளும், மிருக வைத்தியசாலைகளும், அவற்றில் வேலை செய்யும் குடும்பங்களும் அந்தப் பணத்தால் வாழ்கின்றன. ஃபிராங்கல் என்ற புகழ் பெற்ற குதிரை சவூதி இளவரசர் ஒருவருடையது. அஸ்கொட் திடலின் வர்த்தகப் பங்காளியாக வந்த கிப்கோ, கட்டார் அரச குடும்பத்தினரின் முதலீட்டு நிறுவனம். ஆயுத விற்பனையும் எரிவாயுவும் லண்டனின் ஆதன முதலீடுகளும் வேறு பெரிய கணக்குகள். அவற்றோடு ஒப்பிட்டால் குதிரை சின்ன விடயம். ஆனால் ஆயுத ஒப்பந்தத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். குதிரை நட்பைப் பற்றி யாரிடம் கேட்பது? அது அரசின் காரியமா, தனிப்பட்ட காரியமா? இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் அதன் வசதி. பிரித்தானியத் தகவல் அறியும் சட்டத்தில், மன்னரோடும் முடிக்குரிய முதல் இரண்டு வாரிசுகளோடும் நடந்த தொடர்பாடல்களுக்கு 2011 முதல் முழுமையான விலக்கு இருக்கிறது. அதனால் அந்த வண்டியில் யாரை, ஏன், யாருடைய ஆலோசனையின் பேரில் ஏற்றினார்கள் என்பதை ஒரு பிரஜை கேட்டு அறிய முடியாது. அறிவிக்கப்படுவது பெயர் மட்டும்தான்.

வின்சரில் நடக்கும் இன்னொரு குதிரை விழாவில் ராணிக்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் அமர்ந்தவர் பஹ்ரேன் மன்னர் ஹமட். 2011இல் பஹ்ரேனில் எழுந்த மக்கள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. தடுப்புக்காவலில் சித்திரவதை நடந்தது என்பதை மன்னரே நியமித்த பசியூனி ஆணைக்குழு அதே ஆண்டின் நவம்பரில் பதிவுசெய்தது. (ஆணைக்குழுக்கள் அறிக்கை எழுதுவதும் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் எமது வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல.) அறிக்கை வந்து ஆறு மாதங்கள் கழித்து, உலகத்தின் முடிமன்னர்களுக்கு ராணி வின்சர் கோட்டையில் ஒரு மதிய விருந்து கொடுத்தார். பஹ்ரேன் மன்னரும் அழைக்கப்பட்டார். கோட்டைக்கு வெளியே எதிர்ப்பு நடந்தது. அந்த விருந்தின் திகதி 2012 மே 18.

இரண்டரை வாரம் கழித்து, ஜூன் 6ஆம் திகதி, லண்டன் மார்ல்பரோ மாளிகையில் பொதுநலவாயத் தலைவர்களுக்கு ராணி பங்கேற்ற இன்னொரு விருந்து. இம்முறை உள்ளே மகிந்த ராஜபக்ஷ. வெளியே புலம்பெயர்ந்த தமிழர்கள். அன்று காலை அவர் மான்சன் ஹவுஸில் ஆற்றவிருந்த உரை எதிர்ப்பின் காரணமாக இரத்துச் செய்யப்பட்டது. தமிழர்கள் அதை ஒரு வெற்றியாகக் கண்டார்கள். அது வெற்றிதான். ஆனால் உரையைத்தான் தடுக்க முடிந்தது. ராணியோடு கைகுலுக்கும் படத்தைத் தடுக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு 2013 நவம்பர் 15ஆம் திகதி அந்த இரண்டு பிரித்தானியாக்களும் ஒரே நாளில் இலங்கையிலேயே தெரிந்தன. ராணியின் பிரதிநிதியாக வந்த அன்றைய இளவரசர் சார்ள்ஸ், கொழும்பு தாமரைத் தடாக அரங்கில் பொதுநலவாய மாநாட்டைத் தொடக்கி வைத்தார். பக்கத்தில் ராஜபக்ஷ. தொடக்க விழா முடிந்ததும் பிரதமர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணத்துக்குப் போனார். பொது நூலகத்துக்கு அருகே, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு தாய்மார் அவருடைய வாகனத்தை நோக்கி ஓடினார்கள். பொலிஸார் அவர்களைத் தள்ளினார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டாவது படத்தை முதற் பக்கத்தில் போட்டன. கொழும்புக்குத் தேவையாக இருந்தது முதலாவது படம். அதை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள்.

இப்பொழுது இரண்டாவது பட்டியலுக்கு வரலாம். 2020 ஜூலையில் பிரித்தானியா உலகளாவிய மனித உரிமைத் தடைகள் முறைமையைத் தொடங்கியது. சம்சா, லத்தீபா பற்றிய தீர்ப்பு வெளிவந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. முதற் பட்டியலில் ஜமால் கசோக்ஜி கொலை தொடர்பாக இருபது சவூதிக்காரர்களின் பெயர்கள் இருந்தன. முடிக்குரிய இளவரசரின் பெயர் இல்லை. 2025 மார்ச் 24ஆம் திகதி சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, கருணா அம்மான் ஆகிய நால்வரும் பிரித்தானியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது, அவர்களுடைய சொத்துகள் முடக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட தமிழர்கள் பதினாறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஒன்று அது. அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. லண்டனில் மழையிலும் பனியிலும் நின்றவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்த நால்வரில் மூவர் படைத் தளபதிகள், ஒருவர் முன்னாள் துணை ஆயுதக் குழுத் தலைவர். கட்டளை எங்கிருந்து வந்ததோ அந்தப் படிக்கு பிரித்தானியாவின் பேனை ஏறவில்லை. கனடா 2023 ஜனவரியில் மகிந்தவையும் கோட்டாபயவையும் பெயர் சொல்லித் தடைசெய்தது. பிரித்தானியா அதைச் செய்யவில்லை.

கசோக்ஜிப் பட்டியலிலும் இலங்கைப் பட்டியலிலும் பேனை ஏறத்தாழ ஒரே படியில்தான் நின்றிருக்கிறது. அந்தப் படிக்கு மேலே இருப்பவர்கள் விருந்துப் பட்டியலுக்கு உரியவர்கள். அவர்களோடு விருந்துண்ணலாம், குதிரைகளை வாங்கிக்கொள்ளலாம், சங்கடம் வந்தால் ஓரிரு வருடங்கள் ஒன்றாகப் படம் எடுக்காமல் விடலாம். இது தீய எண்ணத்தால் மட்டும் நடப்பதாக நான் நினைக்கவில்லை. நாளைக்கு இவரோடுதான் ஒப்பந்தம் எழுத வேண்டும் என்ற வெளியுறவு அமைச்சின் கணக்கு அது. ஜெனிவாவில் இலங்கை தொடர்பான தீர்மானங்களுக்குத் தலைமை தாங்குவதும் அதே அமைச்சுத்தான். அந்த அமைச்சின் வாசலில் தமிழர்கள் மேலும் மேலும் ஆதாரங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆதாரம் போதாமல்தான் அந்தப் பேனை மேற்படிக்கு ஏறவில்லை என்று நம்பக்கூடாது. மக்ஃபார்லேனின் கண்டறிதல்களை விடவும் வேறு என்ன ஆதாரம் தேவைப்பட்டது? அது அவர்களுடைய சொந்த நீதிபதி, சொந்த நகரத்தின் தெருவில் நடந்த கடத்தலைப் பற்றி எழுதியது.

2021 பெப்ரவரியில் பிபிசி ஒரு கடிதத்தைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. லத்தீபா தடுத்து வைக்கப்பட்டிருந்தபோது கையால் எழுதிய கடிதம். கேம்பிரிட்ஜ்சயர் பொலிஸாருக்கு எழுதப்பட்டது. தனக்காக அவர் அதில் எதையும் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டு அந்த நகரத்தின் தெருவில் வைத்துப் பிடித்துச் செல்லப்பட்ட தனது அக்காவின் வழக்கை மீண்டும் எடுத்துப் பார்க்குமாறு கேட்டிருந்தார். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகவும் கவனத்தில் எடுப்பதாகவும் பொலிஸார் சொன்னார்கள். நான்கு மாதங்கள் கழித்து அஸ்கொட்டில் மீண்டும் குதிரைகள் ஓடின.